ஓர் எழுத்து

மின்சாரம் திரும்பிவிட்டது.
பால்குளிரூட்டி திரும்பவில்லை.

சாரெமா தீவில் பிப்ரவரி, காலை ஐந்து மணி.
ஹெல்துர் தொலைபேசியில் திட்டவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
"இரண்டாயிரம் லிட்டர்" என்றார், அவ்வளவுதான்.
வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே, கறந்த சூடு ஆறாத பால்.
கதவுகளைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டு
வண்டியைக் கிளப்பினேன்.

தொழுவச் சுவரில் நான் மாட்டிய போர்டு,
திரையில் ஒரே வரி:
வட்டு வரட்டும், காத்திருக்கிறேன்.
மரியாதையான வரி. விடியும்வரை அதையே சொன்னது.

முந்தின நாள் வந்த புதுப்பிப்பு
என் கைத்திருத்தங்களைத் துடைத்துவிட்டு
எல்லோருக்குமான இயல்பமைப்பை வைத்துப் போயிருந்தது.
அதில் சேமிப்புச் சில்லின் டிரைவருக்கு எம்.
எம் என்றால், கூப்பிட்டால் வருவேன்.
ஒய் என்றால், பிறக்கும்போதே கூட இருப்பேன்.
கூப்பிடலாம்தான்; ஆனால் அந்த டிரைவர் இருப்பது
அது திறக்கவேண்டிய சில்லுக்குள்ளேயே.
பெட்டிச் சாவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தோம்.

அன்றைக்குக் கையால் சரிசெய்தேன்.
அன்று இரவே ஒட்டு ஒன்றை எழுதி அனுப்பினேன்:
ஒரு வரி கழித்து, ஒரு வரி கூட்டி.
வெப்பமானி டிரைவருக்கும் ஒய் கேட்டு
இன்னொன்று, ஆசையில்.

மாரிபோரிலிருந்து கொராஸ்த் கேட்டார்:
"எல்லோர் கர்னலிலும் பதினெட்டுக் கிலோபைட் கூடும்.
யாருக்காக?"
நியாயம். அவரவர் மூட்டையை ஏற்றினால் படகு தாழும்.
பதிலை மூன்று முறை எழுதினேன்.
மூன்றாவதில் பால் வந்தது, மாடு வந்தது,
திறந்த கதவுகள் வழியே பனி வந்தது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
சாவியைப் பற்றி மட்டும் அனுப்பினேன்.

வட்டுக்கு ஒய், சரி என்றார்.
வெப்பமானி காத்திருக்கலாம் என்றார்,
பாலைப் பற்றி நான் சொல்லாததால்.
யோசித்தால், காத்திருக்கலாம்தான்.

ஐந்து வாரம் கழித்துச் சேர்ந்தது.
கோப்பைத் திறந்து பார்த்தேன்:
ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவே என் வரி,
பெயரில்லாமல்.
மேலும் கீழும் உள்ளவற்றுக்கும் பெயரில்லை.
ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர்
எங்கோ ஒரு விடிகாலையில்
அணைந்த விளக்கின்முன் நின்றிருக்கவேண்டும்.

ஹெல்துர் தானே செருகியைப் பிடுங்கிச் செருகினார்.
பதினோரு நொடி. பச்சை.
"என்ன மாற்றினாய், மாரிகா?"
"ஓர் எழுத்து."
"ஐந்து வாரமா?"
அவர் பசுக்களைப் பார்த்தார். பசுக்கள் என்னைப் பார்த்தன.
நம்பாமல்
இன்னொரு முறை பிடுங்கினார்.