தொண்ணூற்று மூன்று விழுக்காடு

ஐந்தாம் வாரம் டாக்டர் ரொஸ்னானி சொன்னார்,
பட்டியலை இனி வாசகரும் எழுதட்டும்.
ஆளுக்கு இருநூறு புத்தகம்,
புத்தகத்துக்கு ஐந்து குறிச்சொல்,
தீபாவளி விடுமுறைக்கு முன்.

அதுவரை நான் படித்ததெல்லாம்
ஒரு பொருளுக்கு ஒரு தலைப்பு.
தேநீர் என்று முடிவெடுத்தால் தேநீர்தான்.
டீ என்று தேடி வருகிறவரை
'காண்க: தேநீர்' என்று
தோளைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும்.
தே தாரேக் கேட்டு வருகிறவருக்கு
அட்டையே கிடையாது.

கிரிஞ்சி அடுக்குமாடி, பதினோராவது மாடி.
மூன்று பேருக்கு ஒரே இணையக் கம்பி.
தவமலர் ஜொகூர்க்காரனோடு சண்டை போட்டு
சமாதானமாகி
கம்பியை என் பக்கம் தள்ளும்போது
பன்னிரண்டரை.

சிறுகதைகள், தமிழ்.
பெண்கள் — மலேசியா.
தோட்டத் தொழிலாளர் — சமூக நிலை.
நடுக்கோட்டைக்கூட நான் மறக்கவில்லை.
சியூ லிங் 'அட்டையில் பூனை' என்று போட்டாள்,
'எல்ஆர்டியில் நின்றபடி படிக்கலாம்' என்று போட்டாள்.
அறுபத்திரண்டு பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள்.
என் பின்னால்
கடன் அட்டை விற்கிற ஒருத்தர்.

எட்டாம் வாரம், ஒரு செவ்வாய் இரவு,
திரை தானாகச் சொன்னது:
உங்களைப் போல வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார்.
ஒற்றுமை தொண்ணூற்று மூன்று விழுக்காடு.
பெயர்: ஈரக்குடை.

அலமாரியைத் திறந்து பார்த்தேன்.
அதே நாவல்கள், அதே பயண நூல்,
யாருமே சீண்டாத அதே ஊறுகாய்ப் புத்தகம்.
குறிச்சொற்கள் மட்டும் வேறு.
'நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.'
'அப்பா கண்ணில் படக்கூடாது.'
'இந்த ஆள் பொய் சொல்கிறார்.'
'கடைசி வரியை யாராவது விளக்குங்களேன்.'
யாரும் விளக்கியிருக்கவில்லை.

வணக்கம் என்று எழுதி அழித்தேன்.
ஹலோ என்று எழுதி அழித்தேன்.
வெறும் நட்பு வேண்டுகோளை அனுப்பிவிட்டுப்
படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பருவ இதழ் மேசையில் இருக்கிற பிரகலாதனா?
கடைசி வரிசையில் காலணி கழற்றி உட்காருவாளே,
அந்தக் கிளந்தான் பெண்ணா? அவளுக்குத் தமிழ் தெரியாதே.
யுனிவர்சிட்டி ஸ்டேஷனில் இறங்குகிற கைகளை
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
நவம்பர் மாதம். மாலை நாலு மணி.
கோலாலம்பூரில் யாரிடம்தான்
ஈரக்குடை இல்லை?

ஒன்பது நாள் கழித்துத் தவமலர்,
மேகி கிண்ணத்தோடு,
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"ஏய், அது நீதான்லா.
மொத வாரம், லேப்ல மாட்டிக்கிட்டோமே, மழையில,
மூணு மணிநேரம் கண்டதையும் ஏத்திக்கிட்டு இருந்தே.
மறுநாளே பாஸ்வர்ட் மறந்துட்டேன்னு
வேற கணக்குத் தொறந்தே."

மாணவர் எண்ணைப் போட்டுப் பார்த்தேன்.
சிரம்பான் வீட்டு எண்.
ஐந்தாம் படிவத்தில் என் முன்னால் உட்கார்ந்தவன் பெயர்
(தவமலர் அந்தப் பக்கம் திரும்பியதும்).
எதற்கும் திறக்கவில்லை.
மீட்புக் கடிதம் போகிற முகவரியும்
எப்போதோ மூடிவிட்ட முகவரி.

ஆக, என் வேண்டுகோள்
இன்னும் காத்திருப்பில் இருக்கிறது.
ஏற்கவேண்டியவளுக்கு உள்ளே வர வழியில்லை.
அப்பாவை, பொய்யனை, நாற்பதாம் பக்கத்தை
ஒளிக்காமல் எழுதியவள் அவள்;
நடுக்கோடு போடுகிறவள் நான்.

அறிக்கையில் முறையாகத்தான் எழுதினேன்:
பயனர் குறிச்சொற்களில் சீர்மை இல்லை,
ஒருமை பன்மைக் குழப்பம் மிகுதி,
சில சொற்கள் சொந்த உணர்ச்சி சார்ந்தவை,
தேடலுக்கு உதவா.
ஏ மைனஸ் கிடைத்தது.

அன்றிரவு அந்தப் புத்தகத்துக்குப் போய்
என் பெயரில், கோடு இல்லாமல்,
ஒன்று சேர்த்தேன்:
'கடைசி வரி எனக்கும் விளங்கவில்லை.'

வெள்ளிக்கிழமை பார்த்தால்
பட்டர்வொர்த்திலிருந்து யாரோ,
அலமாரியில் மொத்தமே மூன்று புத்தகம் வைத்திருக்கிறவர்,
கீழே போட்டிருந்தார்:
'எனக்கும்.'