சாம்பல், முப்பது நிமிடம்

ஸோலோதூர்னில் ஒரு கடிகாரம் உண்டு,
பதினொன்றோடு முடிந்துவிடும்.
அந்த ஊருக்குப் பதினொன்று பிடிக்கும், அவ்வளவுதான்.
பன்னிரண்டு எங்கே என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.
அதன் கீழே நின்று மதியச் சாண்ட்விச்சைக் கடித்தபடி
பொறாமைப்பட்டேன்:
என் திரையில் ஒரு புள்ளி இடம் மாறினால்
எட்டு மின்னஞ்சல் வரும்.

ஆற்றோர மருத்துவமனையின் முந்நூறு கட்டில்களை
ஒரு கண்ணாடிக்குள் அடுக்குவது என் வேலை.
ஒரு சதுரம், ஒரு கட்டில்.
சிவப்பென்றால் ஆள் உண்டு.
பச்சையென்றால் காலி.
தொட்டால் விரியும், கிள்ளினால் சுருங்கும்.

இயக்குநர் அஃபோல்டருக்குச் சதுரங்கள் வேண்டாம்.
மேலே போகும் அம்பு ஒன்று போதும்,
லிஃப்ட் நாலாம் மாடிக்குப் போவதற்குள்
கைப்பேசியில் தெரிய வேண்டும்.
எது மேலே போக வேண்டும் என்று கேட்டேன்.
"அதைச் சொல்லத்தானே உங்களை அழைத்தோம்" என்றார்.

கட்டில்களைப் பழுதுபார்க்கும் ஃப்ளூரிக்குச்
சிவப்பும் பச்சையும் ஒரே காய்ந்த பயற்றின் நிறம்.
பதினாறு வருடமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.
அவருக்காகக் காலிச் சதுரத்தின் மூலையை மட்டும்
போர்வை நுனியைப் போல மடித்துவிட்டேன்.
பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் என் மேசையில் ஒரு ஆப்பிள் இருந்தது.

சமையலறையில் சிவநேசண்ணர்
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
வரைபடம், வடிகட்டி, மாத ஒப்பீடு
எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தார்.
"பிள்ளை, உப்பில்லாதது எத்தனை,
அரைச்சது எத்தனை,
அது காணும் எனக்கு.
பெரிசாப் போடும், கண்ணாடியில ஆவி படிஞ்சிடும்."
இரண்டே எண்கள்.
அந்தத் திரைக்குத்தான் மூன்று வாரம் பிடித்தது.

இரவுத் தாதி மிர்யேதா
என் திரையைத் துவாயால் மூடி வைத்திருந்தாள்.
வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது போலும்,
இரவுக்கு இருட்டுத் திரை என்று குறித்துக்கொண்டேன்.
துவாயை அவள் எடுக்கவில்லை.

"பதினான்காம் கட்டில்" என்றாள்.
"மூன்று பத்துக்கு மூச்சு நின்றது.
பதிந்தேன், பதியத்தானே வேண்டும்.
மூன்று பதினொன்றுக்கு உன் சதுரம் பச்சையானது.
நான் இன்னும்
அவர் காதுக் கருவியைக் கழற்றவில்லை.
மகள் பேர்னிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.
கீழே யாரோ அந்தப் பச்சையைத் தொட்டு
அடுத்தவர் பெயரை எழுதிவிட்டார்கள்."

அந்தப் பச்சையை
நாற்பது பச்சைகளிலிருந்து பொறுக்கியது நான்.
கண்ணுக்கு இதமானது
என்று ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்.

பெயரை எழுதியவர் சேர்க்கைப் பிரிவின் ஸூபர் அம்மையார்.
அவரை வெறுக்கத் தயாராகத்தான் இறங்கிப் போனேன்.
அவர் அறைக் கதவு திறந்தே இருந்தது.
எதிர் நடைவழியில் தள்ளுகட்டிலில் ஒரு கிழவர்
ஐந்து மணி நேரமாக
கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.
"அவரிடம் போய் நீங்களே சொல்லுங்கள்,
கட்டில் இருக்கிறது, ஆனால் இல்லை என்று."

கூட்டத்தில் பேரம் நடந்தது.
மிர்யேதா இரண்டு மணி நேரம் கேட்டாள்.
ஸூபர் பத்து நிமிடம் தந்தார்.
சாவின் நீளத்தை நாங்கள் காப்பி குடித்தபடி அளந்தோம்.
முப்பது என்று முடிந்தது,
யாருக்கும் திருப்தியில்லை.

ஆகவே இப்போது ஒரு மூன்றாம் நிறம்.
சாம்பல்.
தொட்டால் விரியாது.
இது என்ன என்று விளக்கப் பட்டியலில் எழுத வேண்டுமாம்;
'இன்னும் இல்லை' என்று மட்டும் எழுதினேன்.
அம்பு வளையுமா என்றார் அஃபோல்டர்.
கொஞ்சம் வளையும் என்றேன்.

சோதனைக் கணக்கை மூட மறந்துபோய்
மாலை ரயிலில் திறந்து பார்த்தேன்.
இருநூற்று ஆறாம் சதுரம்
அப்போதுதான் சாம்பலாகியிருந்தது.
எதிர் இருக்கைப் பையன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான்.
நான் நேரம் பார்க்கத் தொடங்கினேன்.

ஓல்டனில் இறங்க வேண்டியவள்
ஆராவ் வரை போய்விட்டேன்.