முட்டைக் கணக்கு

ஹேசல் லார்ட்டரின் பண்ணைக் கணக்கை
ஏழு வருடமாக நான்தான் எழுதுகிறேன்.
ஏப்ரல் இரண்டாம் வாரம் வருவாள்,
ஷூ பெட்டி நிறைய ரசீதுகளோடு.
தவிடு ஒட்டிய ரசீதுகள்.
ஒருமுறை நடுவில் ஒரு இறகு.
இதை எந்தத் தலைப்பில் சேர்க்க என்றேன்,
சிரித்தாள். அது போன வருடம்.

இந்த வருடம் பெட்டி பாதிதான்.

நவம்பரில் வந்தது உத்தரவு:
பறவைக் காய்ச்சல், எல்லாவற்றையும் உள்ளே அடை.
முந்நூற்று நாற்பது கோழிகள்
நார்ஃபோக்கின் சேற்றைக் கம்பிவலை வழியே
பார்த்துக்கொண்டு நின்றன.
'வெளியில் மேய்ந்தவை' என்று அச்சிட்ட பெட்டிகளில்
அந்த வரியை மட்டும்
அவள் தம்பி கிளைவ் இரவெல்லாம் உட்கார்ந்து மறைத்தான்.
ஸ்டிக்கர்: நாற்பத்தோரு பவுண்டு. செலவு.

ஹார்ல்ஸ்டன் சூப்பர்மார்க்கெட்டில்
ஆளுக்கு இரண்டு பெட்டி என்று எழுதி வைத்த மறுநாள்
அவள் வாசலில் கார்கள்.
இத்தனை காலம் அந்த வளைவில் வேகம் குறைக்காதவர்கள்
இறங்கி, சேற்றில் நின்று, மழையைப் பற்றிப் பேசினார்கள்.
நாரிச்சிலிருந்து ஒருவர் பத்துத் தட்டு கேட்டார்.
ஆறு முட்டை கொடுத்தாள்.
"தட்டுப்பாடு, உங்களுக்கு நல்ல காலம்தானே?" என்றாராம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்,
கூட்டிப் பார்க்கும் வரை.

தீவனம் ஒன்றரை மடங்கு.
பழைய கோழிகள் களைத்துவிட்டன.
புதுப் பெட்டைகளுக்கு
ஜனவரியிலேயே முன்பணம் கட்டியிருந்தாள்.
குஞ்சுப் பண்ணையில்
பத்தாயிரம் கேட்டவருக்கு முதல் பந்தி.
நூற்றைம்பது கேட்டவளுக்கு
'ஆகஸ்டில் பார்க்கலாம்' என்று இரண்டு வரி.
ஊரே முட்டை கேட்கிற நேரத்தில்
அவளிடம் இல்லாதது முட்டை.

பிப்ரவரியில், இரண்டு மைல் தள்ளி,
பெரிய கொட்டகையில் நாற்பதாயிரம் கோழிகளைக் கொன்றார்கள்.
இவளுடையதில் ஒன்றுகூடத் தும்மவில்லை.
ஆனாலும் வரைபடத்தில் போட்ட வட்டம் வட்டம்தான்:
பத்தொன்பது நாள் எதுவும் வாசல் தாண்டக் கூடாது.
அந்த நாள்களுக்கு நேரே
வரவுப் பத்தியில் சைபர் சைபராகப் போட்டுக்கொண்டே வந்தேன்.

"என்ன சிரிப்பு?" என்றாள்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் சைபருக்கு முட்டை என்று பேர்,
கணக்குப் பாடத்தில் நான் நிறைய வாங்கியிருக்கிறேன் என்றேன்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
பத்தியை மேலிருந்து கீழே விரலால் எண்ணினாள்.
"பத்தொன்பது. எல்லாம் சின்ன சைஸ்."

வாசலில் ஒரு தகர உண்டியல் இருந்தது.
காசைப் போட்டு முட்டையை எடுத்துக்கொள்ளலாம்,
யாரும் பார்க்க மாட்டார்கள்.
மார்ச்சில் அதை ஆணியோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.
எவ்வளவு இருந்திருக்கும்?
"தெரியாது."
ஒரு தோராயம்?
"பட்டன் ஒன்று இருந்தது. அது நிச்சயம்."

சேதாரம் என்ற சொல் வாய்வரை வந்தது.
நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும்
வாங்குபவர் தலையில்.
இங்கே இரண்டும் விற்பவள் தலையில்.
இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்ல?
'இழப்பு, இதர' என்று தட்டினேன்.

கிளம்பும்போது, வழக்கம்போல், என் கூலி:
ஒரு தட்டு முட்டை.
இந்த வருடம் வேண்டாம் என்றேன்.
காதில் வாங்கவில்லை.
முப்பது குழியில் இருபத்தெட்டு.
"இரண்டு கடன்," என்றாள். "ஆகஸ்டில்."
கார்க் கதவை இடுப்பால் தள்ளி மூடினாள்.

உள்ளே வந்து
'கொடுக்க வேண்டியவை' என்பதன் கீழே
முட்டை, 2 என்று எழுதினேன்.
என்ன இது என்று அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
அவள் எண்ணிப் பார்ப்பாள்.