வரலாம்

போன மாதம் ஒரு தாய்க்கு
நான் எண்களைச் சொன்னேன்.
ஆயிரத்தில் இத்தனை, பத்து லட்சத்தில் இத்தனை.
தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
பிறகு அவள் வரவேயில்லை.

இன்று புதன். பாசையூர் கிளினிக்.
வாங்கிலில் கடைசியாக மரிஸ்ரெல்லா,
மடியில் ஒன்பது மாதத்து றெக்சன்,
கைவியர்வையில் ஊறிய வளர்ச்சிப் பதிவேடு.
"இந்த ஊசி மட்டும் வேண்டாம் டொக்டர்."

நாக்கு நுனிக்கு வந்த எண்களை விழுங்கினேன்.
பேனையை மூடி வைத்து
"சொல்லுங்கோ" என்றேன்.

முதலில் கனடா மச்சாள் அனுப்பின வீடியோ.
போனை வாங்கி, அவளோடு தலை முட்ட,
ஏழு நிமிடமும் பார்த்தேன்.
எந்த ஊர்ப் பிள்ளையோ, அழுதுகொண்டே இருந்தது.
முடிந்ததும் அவளே சொன்னாள்:
"இது இல்லை டொக்டர் காரணம்."

மூத்தவள். இதே ஊசி. எட்டாம் நாள் இரவு
உடம்பு கொதித்துக் கைகால் இழுத்தது.
இவர் கடலில். கறண்ட் இல்லை.
ஓட்டோக்காரன் எழும்பவில்லை.
ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு
ஆஸ்பத்திரி வரைக்கும் வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள்.
மூத்தவள் இப்போது பள்ளிக்கூட ஓட்டத்தில் முதலாவது.
"ஆனா காய்ச்சல் வராதெண்டுதான் சொல்லி விட்டவை.
பிறகும் ஒருதரும் என்னட்டை
என்ன நடந்ததெண்டு கேக்கேல்லை."

வராது என்றவர் யார்?
என்னைப்போல ஒருவர்.
வெளியே அறுபது பிள்ளைகள் அழ
அன்பாகத்தான் சொல்லியிருப்பார்.

"இவனுக்கும் வருமோ?"

மருத்துவிச்சி என்னைப் பார்த்தார்.
"வரலாம்" என்றேன்.
இந்த ஒரு சொல்லுக்கு
எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.
வந்தால் எப்படிச் சரித்துக் கிடத்துவது,
பனடோல் எவ்வளவு, எப்போது ஓடிவர வேண்டும்,
சின்னமுத்து வந்தால் அது என்ன செய்யும்,
எல்லாம் அதற்குப் பின்னால்தான்.
பதிவேட்டின் பின்மட்டையில் என் இலக்கம்.

அவள் தலையாட்டவில்லை.
"யோசிக்கவேணும்" என்று எழும்பினாள்.

"திரும்பி வருவாவோ டொக்டர்?"
குளிர்ப்பெட்டியை மூடியபடி மருத்துவிச்சி.
"வரலாம்."

அடுத்த புதன் வரவில்லை.
அதற்கடுத்த புதன் நான் லீவு.
பிறகு ஓர் இரவு, ஒன்றே முக்கால்,
தெரியாத இலக்கம்.

"நூற்றியொண்டு தசம் நாலு டொக்டர்.
சரிச்சுத்தான் கிடத்தியிருக்கிறன்.
இழுக்கேல்லை.
இவர் இண்டைக்கும் கடலிலைதான்.
கொஞ்ச நேரத்துக்குப் போனை வைக்காதேங்கோ."