முப்பத்தேழில் நிற்கிறது

மஞ்சக்குப்பம் இ-சேவை மையத்தில்
காலை பத்து ஐம்பதுக்கு
தில்லைநாயகியின் கணினி
தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது.
முந்தாநாள் ‘பிறகு’ என்று தள்ளியிருக்கிறாள்.
நேற்றும் ‘பிறகு.’
இன்று அது யாரையும் கேட்கவில்லை.

நீலத் திரை. நடுவில்
ஒன்றையொன்று துரத்தும் ஐந்தாறு புள்ளிகள்.
அதன் கீழே தமிழில்:
புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன.
இதற்குச் சற்று நேரம் ஆகலாம்.
கணினியை அணைக்க வேண்டாம்.

டோக்கன் பதினாறை
மடித்து மடித்து மிளகளவாக்கியபடி
பின்பெஞ்சில் இருந்த நான்
யாரிடமும் சொல்லவில்லை,
அந்த மூன்று வரியும் என்னுடையவை என்று.

லாஸ்பேட்டையில் மாடியறை.
சொல்லுக்கு ஒண்ணேகால் ரூபாய்.
வந்த வாக்கியத்தில் எவ்வளவு நேரம் என்று இல்லை,
நானும் கேட்கவில்லை.
‘கொஞ்சம்’, ‘சிறிது’, ‘சற்று’
மூன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்து
சற்று என்று போட்டேன்.
மரியாதையாக இருந்தது,
பெட்டிக்குள்ளும் அடங்கியது.

ஒன்பது. பதினான்கு. இருபத்தெட்டு வரை ஒரே ஓட்டம்.
முப்பத்தேழில் வந்து
கெடிலம் பாலத்தில் மாட்டிய டவுன் பஸ் போல
நின்றுவிட்டது.

“முப்பத்தேழுன்னா, நூத்துக்கா?”
கேட்டவர் தேசிங்கு, தேவனாம்பட்டினம்,
மழைக்கால நிவாரணத்தில் பெயர் விட்டுப்போனவர்.
“ஆமாண்ணே.”
“அப்ப மீதிக்கு எம்மா நேரம்?”
“அப்படிக் கணக்குப் போட முடியாதுண்ணே.”
“பின்ன எதுக்கு நம்பரு?

ஹார்பர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்துனா
போட்ட மேல இழுத்துக் கட்டுவோம்.
அதுக்கும் மேல போச்சுன்னா
புள்ளைங்களோட ஸ்கூலுக்குப் போயிடுவோம்.
புயல் எப்ப வரும்னு ஏத்துறவனுக்கும் தெரியாது.
ஆனா நான் என்னா செய்யணும்னு
அந்த நம்பருக்குத் தெரியும்.
இந்த முப்பத்தேழுக்கு
நான் என்னா செய்யணும்?”

யாரும் பேசவில்லை.
பிறகு எல்லோரும் பேசினார்கள்.
நெல்லிக்குப்பம் பஸ் பன்னெண்டேகாலுக்கு, போய்ட்டு நாளைக்கு வரவா?
சுகர் மாத்திரை போட்டிருக்கேன், ரெண்டு இட்லி தின்னுட்டு வரலாமா?
ஒரு பையன்: “ப்ளக்கப் புடுங்கிப் போடுங்கக்கா.”

தில்லைநாயகி சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு
முதுகால் அதை மறைத்து உட்கார்ந்தாள்.
கரண்ட் ஒருமுறை கண்ணடித்தது.
யு.பி.எஸ். கீச்சென்றது.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
வேண்டாம் என்று எழுதியவள் நான்,
காவல் இருப்பவள் அவள்.

கரண்ட் வந்தது.
முப்பத்தேழு அசையவில்லை.

என் விண்ணப்பம் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.
அப்பாவின் வாரிசுச் சான்று,
நான்கு மாதமாகப் ‘பரிசீலனையில்’.
அந்தச் சொல்லை எழுதியது வேறு யாரோ.
அவருக்கும் பெட்டி சின்னதாக இருந்திருக்கும்.

அவள் பழைய படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.
ஸ்கெட்ச் பேனாவால் எழுதி
திரைக்குக் கீழே, என் வரிகளை மறைத்து,
செல்லோடேப் போட்டு ஒட்டினாள்:

சிஸ்டம் ஓடிக்கிட்டுதான் இருக்கு.
போன தடவை ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.
டீ குடிச்சிட்டு வரலாம்.
டோக்கன் போகாது.

பதினான்கு சொல்.
பழக்க தோஷம், பெருக்கிப் பார்த்தேன்:
பதினேழரை ரூபாய்.

பெஞ்சு ஒவ்வொன்றாகக் காலியானது.
தேசிங்கு வேட்டியை மடித்துக் கட்டி
தூறலுக்குள் இறங்கினார்.
பையனும் போய்விட்டான்.
தில்லைநாயகி டிபன் பாக்ஸைத் திறந்தாள்,
நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

முப்பத்தெட்டு வந்தபோது
பார்த்தது நான் ஒருத்திதான்.
“அக்கா, முப்பத்தெட்டு.”

எலுமிச்சைச் சோறு வாயில்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
“அத நம்பாத.
தொண்ணூத்தொண்ணுல இன்னொருவாட்டி நிக்கும்.
நீயும் போய்ட்டு வா.”

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.