ஊமையன் ஓடை: ஒரு குறுங்கட்டுரை

நாகலூர் தாண்டி, வெள்ளி ஓக் மரங்களுக்குக் கீழே
ஐப்பசியில் பிறந்து தையில் செத்துப்போகும் ஓர் ஓடை.
கல்லில் மோதினாலும் சத்தம் வராது.
ஊமையன் என்று பெயர்.
மலையில் மின்கணக்கு எடுத்த ஒன்பது வருஷத்தில்
நாலு தடவை அதில் செருப்பைத் தொலைத்திருக்கிறேன்.

அந்த உரிமையில் எழுதினேன்,
யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற கலைக்களஞ்சியத்தில்,
மூன்றே வரி:
ஊமையன் ஓடை சேர்வராயன் மலையில் ஓடுகிறது.
ஸ்தனிஸ்லாஸ் காபித் தோட்டம் வழியே செல்கிறது.
சத்தம் எழுப்பாது.

பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டார் நுண்ணோக்கி.
பயனர் பெயர் அது. முகத்துக்குப் பதில் ஒரு பூதக்கண்ணாடி.
'சத்தம் எழுப்பாது' என்பதற்குச் சான்று தேவை என்றார்.
இல்லாத சத்தத்துக்கு எந்த ஆபீஸில் போய்
சான்று வாங்குவது?
செருப்பைச் சொன்னேன்.
சொந்த ஆய்வு ஏற்கப்படாது.

பிறகு புணர்ச்சி விதி.
தலைப்பை ஊமையனோடை என்று நகர்த்தினார்.
ஊமையனோடு யார் போனது என்று
துறையூர்க்காரர் ஒருவர் பேச்சுப் பக்கத்தில் கேட்டு
மூன்று நாள் தடை வாங்கினார்.
காபி குளம்பி ஆயிற்று.
ஸ்தனிஸ்லாஸ் தனிசுலாசு ஆனார்.
தோட்டத்துக்குப் போய் போனில் காட்டினேன்.
"யார்றா இந்தத் தனிசுலாசு, என் நிலத்துல?
குளம்பு வெச்சது எதுவும் நான் வளக்கலியே"
என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

பெரிய சண்டை 'ஓடுகிறது'க்குத்தான்.
எட்டு மாதம் ஓடாததை ஓடுகிறது என்பது
வாசகரை ஏமாற்றுவது என்றார் நுண்ணோக்கி.
ஓடும் என்றேன். அது ஆரூடம் என்றார்.
ஓடியது என்றால் செத்துப்போனதாகிவிடும்.
வினைத்தொகை போடுங்கள், ஓடுநீர்,
முக்காலமும் அடங்கும் என்று
கனடாவிலிருந்து ஒருவர் சமாதானம் பேசினார்.
அவரை இருவருமே மீளமைத்தோம்.
நாற்பத்து மூன்று தொகுப்புகள்.
ஓடையில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை.

ஒரு புதன்கிழமை
என் 'ஓடுகிறது' காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை
உயிரோடு இருந்தது.
ஐந்து ஆறுக்குக் கொன்றார்.
அடுத்த மாதமும் அப்படியே ஒரு புதன்.
மின்வாரியக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?
அந்த இரண்டு புதனும் பராமரிப்புக்காக நிறுத்தியது
கன்னங்குறிச்சி மின்பாதையை.

வைகாசியில் எனக்கு மாறுதல் வந்தது,
அதே கன்னங்குறிச்சிக்கு. கேட்டு வாங்கவில்லை.
(இதற்கும் சான்று கிடையாது.)
நூற்றுப் பன்னிரண்டு இணைப்பு பார்த்த பிறகு
ஒரு லாரி எடைமேடை. உரிமையாளர் அங்கமுத்து.
கல் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நிற்க,
டிரைவர் இறங்கினால்தான் ரசீது என்று
அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.
மீட்டர் நின்றுபோயிருந்தது.
அட்டையில் எழுதினேன்: மீட்டர் ஓடவில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"போன மாசம் ஓடுச்சே.
'தற்போது'ன்னு முன்னாடி சேருங்க.
இல்லேன்னா எப்பவுமே ஓடலைன்னு ஆயிடும்."

எனக்குக் காது சூடேறிற்று.
பின்னால் மேசையில் பழைய கணினி,
திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.
'தற்போது' சேர்த்தேன்.
தேதி போட்டேன். கையெழுத்திட்டேன்.
ஒன்பது வருஷமாக
அந்த அட்டையில் நான் எழுதும் எதற்கும்
யாரும் சான்று கேட்டதில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

"ஐப்பசியில ஓடும்" என்றேன், வாய் தவறி.
"மீட்டரா?"
பதில் சொல்லவில்லை.
ரொம்ப நேரம் பார்த்தார்.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"காபி குடிக்கிறீங்களா?" என்றார்.
காபி.
அவர் வாயால், க-வில் கால் போட்டு.
இரண்டு சாட்சி: நானும் லாரி டிரைவரும்.
அச்சில் வராத வரை செல்லாது.

குடித்தேன். சர்க்கரை அதிகம்.
ராத்திரி போய்ப் பார்த்தால்
குளம்பி குளம்பியாகவே இருக்கிறது,
தனிசுலாசும் இருக்கிறார்.
முதல் வரியில் மட்டும்
புதிதாக ஒரு சொல், சான்றில்லாமல்:
'மழைக்காலங்களில்'.

நான் மீளமைக்கவில்லை.