கச்சான்

வியாழன் பின்னேரம் ஆறரை.
உட்துறைமுக வீதிக் கட்டில்
நாலு பேர், ஒரு ஃபோன்,
காற்றுக்கு மறைப்பாக
நிமிர்த்தி வைத்த நிரோஜினியின் இடது செருப்பு.
"தொடங்கிட்டுதா?"
எல்லாப் பதிவுகளும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.
நான் அதை வெட்டுவதில்லை.

முதலில் அறுக்குளா விலை.
பிறகு அறுக்குளா வாங்காமல் வந்த கதை.
பிறகு, எப்படியோ,
கண்டி பஸ்ஸில் தன் தோளில் நித்திரையான
முன்பின் தெரியாத மனிசனை
தம்புள்ளை வரைக்கும் எழுப்பாமல் விட்டதைப் பற்றி
ஜெனோபன் பதினாலு நிமிடம்.
"ஏன் எழுப்பேல்ல?"
"எழுப்பினா என்னத்தைக் கதைக்கிறது?"
இந்த இடத்தில் நிரோஜினி சிரிக்கிறாள்,
வாளி கிணற்றுச் சுவரில்
முட்டி முட்டி ஏறுகிற மாதிரி.

எங்களிடம் தலைப்பு இல்லை.
ஒருநாள் வைத்துப் பார்த்தோம்:
"நான் மிகவும் பயந்த இரவு."
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஐந்து நிமிடம் ஓட்டோக்கள் மட்டும் போய்வந்தன.
"விடுங்கோ, நான் கேத்தில் எரிச்ச கதையைச் சொல்லுறன்"
என்றாள் நிரோஜினி.
கேத்தில் கதைக்குள்தான்
அந்த இரவும் வந்தது,
ஒரு கரையால், பெயர் சொல்லாமல்.

றம்ஸீன் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறவன்.
கச்சான் சரை வாங்கி வருவது அவன் வேலை.
கதைப்பது அவன் வேலையில்லை.
கச்சான் வீசுகிற மாதத்தில்
கச்சான் கோது உடைகிற சத்தம்;
இரண்டுக்கும் ஒரே பெயர்.
வெட்ட உட்கார்ந்தால்
பிரிக்கவும் முடிவதில்லை.
காற்றைக் குறைத்தால் கோதும் போகிறது.
கோது போனால்
அன்றைக்கு றம்ஸீன் வரவேயில்லை.

அவன் தருவதெல்லாம் ஒரு "ம்".
அதிலும் வகை இருக்கிறது.
சொல்லு என்கிற ம்.
பொய், ஆனாலும் சொல்லு என்கிற ம்.
ஜெனோபன் சம்பளத்தைப் பற்றித் தொடங்கினால் வருகிற
நீளமான, மூக்கால் போகிற ம்.
ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வெட்டி
ஒரு தனிக் கோப்பில் போட்டேன்.
சேர்த்துக் கேட்டபோது
ஆரோ ருசித்துச் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.
அவை போன பதிவிலோ
நாங்கள் மூவரும்
ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.
திரும்ப ஒட்டினேன்,
ஒவ்வொன்றாய், விடியும்வரை.

இருபத்திரண்டாம் பதிவு,
நாற்பத்தோராம் நிமிடம்.
அவன் தானாய்த் தொடங்குகிறான்:
"எனக்கும் ஒண்டு சொல்லணும்..."
அந்த நேரம் பார்த்து மான்.
பஸ் ஸ்டாண்ட் பக்கம் குப்பை மேய்கிறவற்றில் ஒன்று,
எந்தச் சிறுவனோ எழுதிய கணக்குப் பேப்பரில் சுற்றிய
எங்கள் கச்சான் சரையைக் கவ்விக்கொண்டு போகிறது.
பதிவில் கூச்சல்,
ஒற்றைச் செருப்போடு நிரோஜினியின் ஓட்டம்,
ஃபோன் சரிந்து கல்லில் படுகிற சத்தம்.
திரும்ப எல்லோரும் வந்து குந்தியபோது
கதை மானுடையதாகிவிட்டது.
மான் கணக்கில் பாஸ் பண்ணுமா என்று
அரை மணித்தியாலம்.
றம்ஸீனும் "ம்" என்றான்.
அது நான் பெயர் வைக்காத வகை.

எத்தனை தரம் கேட்டிருப்பேன்.
"சொல்லணும்" என்பதற்கும் மானுக்கும் இடையில்
மூன்று நொடி.
ஒலியைக் கூட்டினால் ஒரு மூச்சு.
இன்னும் கூட்டினால்
அக்கரை மா ஆலையின் இரைச்சல்.
அதற்கு மேல் கூட்ட இடமில்லை.

இந்தக் கிழமை, மற்ற இருவரும் வர முதல்,
அவனும் நானும் மட்டும்.
ஃபோனை எடுத்தேன்.
திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
சரையை அவன் கையிலிருந்து வாங்கி
நான் உடைக்கத் தொடங்கினேன்.
தோணி ஒன்று விளக்கில்லாமல் போனது.
"அண்டைக்கி மான் வந்திச்சே," என்றான்.
"ம்," என்றேன்.